அண்டர்கிரவுண்ட் ராப் என்றால் என்ன? பங்க் மேடையிலிருந்து வந்த பி.ஓ.எஸ். வழியாக ஓர் அறிமுகம்

ராப் கேட்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற சொல் காதில் விழத் தொடங்கிவிடும். ‘அவர் அண்டர்கிரவுண்ட் ராப்பர்’ என்பார்கள். இன்னும் பேர் கிடைக்காதவர் என்று சிலர் அதை எடுத்துக்கொள்வார்கள். கரடுமுரடான சத்தத்தில் பாடுகிறவர் என்று வேறு சிலர். நானும் ரொம்ப நாள் அந்த இரண்டாவது அர்த்தத்தைத்தான் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அது போதாது என்று எனக்குப் புரியவைத்தவர், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து ராப்பர் பி.ஓ.எஸ். அவருடைய ஆல்பங்களை நாடு முழுக்க விமர்சகர்கள் கவனித்தார்கள். நண்பர்களோடு சேர்ந்து, தன் ஊரின் மிகப் பேர்பெற்ற அரங்கத்தை வருடாவருடம் நிரப்பினார். அப்போதும் அவரை அண்டர்கிரவுண்ட் என்றுதான் சொன்னார்கள். பாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறது, கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது, அடுத்த ஆல்பம் எப்படி இருக்க வேண்டும் என்று யார் முடிவெடுக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் ‘பாடுகிறவரும் அவருடைய கூட்டாளிகளும்’ என்று பதில் வந்தால், அது அண்டர்கிரவுண்ட். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது அப்புறம்தான். பி.ஓ.எஸ். இந்தப் பழக்கத்தை ராப்பிலிருந்து கற்றதைவிட, சிறுவயதில் ஊறிய பங்க் இசையிலிருந்து கற்றதே அதிகம் என்பது என் எண்ணம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இந்த இசைகளுக்கே புதியவர்களுக்காக முதலில் கொஞ்சம் அடிப்படை. ராப் பாட்டின் இசைத்தளத்துக்கு ‘பீட்’ என்று பெயர். டிரம், பேஸ், பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள், இவற்றையெல்லாம் கோத்து அதைச் செய்பவர் புரொடியூசர். அதன்மேல் தாளம் தவறாமல் வரிகளைச் சொல்பவர் எம்.சி. அதாவது ராப்பர். பங்க் என்பது ராக் இசையின் ஒரு கிளை. ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம் செட், ஏறக்குறைய கத்துகிற ஒரு குரல். பாட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். விரல்வித்தை காட்டுவதற்கு அங்கே மதிப்பு இல்லை. மூன்று கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) வாசிக்கத் தெரிந்தால் பாண்டு ஆரம்பித்துவிடலாம் என்ற துணிச்சல்தான் அதன் மூலதனம்.

ஒரே ஊர், இரண்டு சத்தம்

ராப்பும் பங்க்கும் எதிரெதிர் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒன்று கறுப்பின மக்களுடையது, மற்றது வெள்ளைக்காரப் பையன்களுடையது என்று பிரித்துவைப்பார்கள். ஆனால் இரண்டும் நியூயார்க்கில், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முளைத்தவை. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், சகோதரி ஏற்பாடு செய்த விருந்துக்கு டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றினார். ராப்புக்குத் தாய்வீடான ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடப்படுவது அந்த இரவுதான். அதே வருடம் டிசம்பரில் மான்ஹாட்டனின் பௌவரி தெருவில் சிபிஜிபி என்ற மதுக்கூடம் திறந்தது. அடுத்த வருடம் ரமோன்ஸ் என்ற பாண்டு அங்கே மேடையேறியது. 1975இல் நியூயார்க் மாநகராட்சியே திவாலாகும் நிலைக்குப் போனது. ஊரில் காசு இல்லாத அந்த நாட்களில், பிராங்ஸ் பிள்ளைகள் வீட்டிலிருந்த இசைத்தட்டுகளையே வாத்தியமாக்கிக்கொண்டார்கள். பௌவரி பிள்ளைகள் மலிவான கிட்டாரை எடுத்து, தெரிந்தவரை வாசித்தார்கள். ரமோன்ஸின் முதல் ஆல்பத்துக்கு 1976இல் ஆன ஒலிப்பதிவுச் செலவு சுமார் 6,400 டாலர்.

இரண்டு கூட்டமும் உடனே கட்டித் தழுவிக்கொள்ளவில்லை. 1981இல் லண்டனின் த கிளாஷ் என்ற பங்க் பாண்டு, நியூயார்க்கின் பாண்ட்ஸ் அரங்கத்தில் 17 கச்சேரி செய்தது. ராப் இசையில் மயங்கிப்போயிருந்த அவர்கள், தங்களுக்கு முன்னால் பாட கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவை அழைத்தார்கள். கிளாஷின் ரசிகர்களோ கூச்சலிட்டு, காகிதக் கோப்பைகளை மேடைமேல் வீசினார்கள். பங்க் ரசிகர்களின் பரந்த மனசைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த இரவு நினைவுக்கு வரும். ஆனாலும் அதே 1981இல், அதே ஊரில், ஹார்ட்கோர் பங்க், அதாவது இன்னும் வேகமான, கடுமையான பங்க் வாசிக்கும் பாண்டாகத் தொடங்கிய சில பதின்வயதினர் ஐந்து வருடத்தில் ராப்பர்களாக மாறி, அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பத்தைக் கொடுத்தார்கள். பீஸ்டி பாய்ஸ் என்று சொன்னால் பலருக்கும் தெரிந்திருக்கும்.

இந்த உறவின் ஒரு துண்டு நம் காதுக்கு ஏற்கெனவே பழக்கம். லண்டன் தமிழ்ப் பெண்ணான எம்.ஐ.ஏ. 2007இல் வெளியிட்ட ‘காலா’ ஆல்பத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டை நினைத்துப் பாருங்கள். அதன் அடியில் திரும்பத் திரும்ப வரும் இசை, அதே கிளாஷ் 1982இல் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து எடுத்தது.

ஆனால் என் கதைக்கு முக்கியமான பங்க் நியூயார்க்கில் இல்லை, வாஷிங்டனில் இருக்கிறது. அங்கே பேட் பிரெய்ன்ஸ் என்று நான்கு கறுப்பின இளைஞர்கள், எழுபதுகளின் கடைசியில், யாரும் அதுவரை கேட்டிராத வேகத்தில் வாசித்தார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் 1980இல் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். தங்கள் பாண்டின் தட்டைத் தாங்களே வெளியிடத்தான் அது. மெக்கே பின்னால் ஃபுகாஸி என்ற பாண்டில் இருந்தபோது, டிக்கெட் விலையைப் பெரும்பாலும் 5 டாலர் அளவிலேயே வைத்திருந்தார்கள். எந்த வயதினரும் உள்ளே வரலாம் என்பதில் கறாராக இருந்தார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அமெரிக்காவில் மது அருந்தும் வயது 21. மதுக்கூடத்தில் நடக்கும் கச்சேரிக்குள் பதினாறு வயதுப் பிள்ளை போக முடியாது. அப்படியானால், அந்தப் பிள்ளை எங்கே போய் இசை கற்கும்? தேவாலயத்தின் கீழ்த்தளம், யாரோ ஒருவர் வீட்டு நிலவறை, வாடகைக்கு எடுத்த கூடம் என்று பங்க் உலகம் அதற்கு இடம் கண்டுபிடித்தது. நோட்டீஸ் ஒட்டுவது, வாசலில் பணம் வாங்குவது, வெளியூர் பாண்டுக்குப் படுக்க இடம் கொடுப்பது என எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைகளே செய்தார்கள். பி.ஓ.எஸ். போன்றவர்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

மினியாபொலிஸ்

கனடா எல்லைக்குக் கீழே, மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கரையில் இருக்கிற ஊர் மினியாபொலிஸ். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கிவிடும். பெரிய இசை நிறுவனங்கள் இருந்த நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலிஸும் அங்கிருந்து வெகு தொலைவு. அதனால்தானோ என்னவோ, அந்த ஊர்க்காரர்கள் தங்கள் இசையைத் தாங்களே வெளியிடப் பழகினார்கள். எண்பதுகளில் ஹூஸ்கர் டூ என்ற பங்க் பாண்டு, உள்ளூர் நிறுவனம் கைவிரித்ததும் ரிஃப்ளெக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்று தானே ஒன்றைத் தொடங்கிக்கொண்டது.

ஊரின் நடுவே ஃபர்ஸ்ட் அவென்யூ என்று ஓர் அரங்கம். முன்பு கிரேஹவுண்ட் பஸ் நிலையமாக இருந்த கட்டடம். கறுப்புச் சுவர் முழுக்க வெள்ளி நட்சத்திரங்கள், ஒவ்வொன்றிலும் அங்கே வாசித்த ஒருவர் பேர். அந்த ஊரின் புகழ்பெற்ற பாடகர் பிரின்ஸ் நடித்த ‘பர்ப்பிள் ரெயின்’ படத்தின் கச்சேரிக் காட்சிகள் இங்கேதான் எடுக்கப்பட்டன. அதை ஒட்டியே, சுமார் 250 பேர் மட்டும் நிற்கக்கூடிய செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி என்ற சின்ன அறை இருக்கிறது. ஊர் பாண்டுகள் அந்தச் சின்ன அறையில் தொடங்கி, 1,500 பேர் கொள்ளும் பெரிய கூடத்துக்கு வந்து சேர வேண்டும். இடையில் இருப்பது ஒரு சுவர். அதைத் தாண்டப் பல வருடம் ஆகும்.

ராப்பிலும் அதே வழிதான். 1995இல் ராப்பர் ஸ்லக், புரொடியூசர் ஆண்ட் ஆகியோரும் நண்பர்களும் சேர்ந்து ரைம்சேயர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஸ்லக்கும் ஆண்ட்டும் சேர்ந்த குழுதான் அட்மாஸ்ஃபியர். 1999இல் ரைம்சேயர்ஸ் ஃபிஃப்த் எலிமென்ட் என்ற இசைத்தட்டுக் கடையையும் திறந்தது. கடை, நிறுவனம், குழு எல்லாம் ஒரே கூட்டத்தின் கையில். சின்ன ஊரில் இருந்துகொண்டே நாடு முழுக்க ரசிகர்களைச் சேர்க்க முடியும் என்பதற்கு, அடுத்த தலைமுறைக்கு அவர்கள்தான் கண்ணெதிரே நின்ற சாட்சி.

‘கோபக்கார ஸ்டெஃப்’

அந்த அடுத்த தலைமுறையில் ஒருவர் ஸ்டெஃபான் அலெக்சாண்டர். பிறந்தது 1981. கறுப்பினப் பையன். பதின்வயதில் அவரைப் பிடித்துக்கொண்டது பங்க். ராப் மேல் பிரியம் வந்தது அப்புறம்தான். பள்ளி நாட்களிலேயே பங்க் பாண்டுகளில் வாசித்தார், பாடினார். கோபக்கார ஸ்டெஃப் என்று பொருள்படும் பட்டப்பெயர் ஒன்று ஒட்டிக்கொண்டது. அதன் முதலெழுத்துகள்தான் பி.ஓ.எஸ். பின்னாளில் அந்த எழுத்துகளுக்கு வேறு வேறு விரிவுகளும் வந்தன.

வெள்ளைக்காரப் பிள்ளைகளே நிறைந்த பங்க் கூட்டத்தில் ஒரு கறுப்பினப் பையன் தனித்துத் தெரிவான். ராப் கூட்டத்துக்கு வந்தாலோ கிட்டாரும் கத்தலுமாக வந்த பையன் தனித்துத் தெரிவான். எந்தப் பக்கம் போனாலும் பாதி அந்நியன். எனக்கு அவர் பாட்டுகளில் பிடித்தது அவர் அந்த நிலையை எங்கேயும் மறைக்காததுதான். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து மற்றதைக் கைவிடவில்லை. ராப் ஆல்பங்கள் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே பில்டிங் பெட்டர் பாம்ஸ் என்ற பங்க் பாண்டிலும் இருந்தார். 2007இல் அந்தப் பாண்டும் ஆல்பம் வெளியிட்டது.

தனி ஆளாக அவருடைய முதல் ஆல்பம் 2004இல் வந்த ‘இபிகேக் நீட்’. விஷம் உட்கொண்டவர்களுக்கு வாந்தி வரவைக்க ஒரு காலத்தில் கொடுத்த மருந்தின் பேர் இபிகேக். ‘நீட்’ என்றால் எதுவும் கலக்காமல் அப்படியே குடிப்பது. உள்ளே இருப்பதை வெளியே தள்ளிவிட வேண்டும் என்ற வேகம் தலைப்பிலேயே இருக்கிறது. அடுத்து 2006இல் ரைம்சேயர்ஸ் வழியாக ‘ஆடிஷன்’. அதில் பவுன்சிங் சோல்ஸ் என்ற பங்க் பாண்டின் பாடகரும், ஹோல்ட் ஸ்டெடி என்ற ராக் பாண்டின் பாடகரும் வந்து பாடியிருக்கிறார்கள். 2009இல் ‘நெவர் பெட்டர்’. பலரும் அவருடைய சிறந்த ஆல்பமாகச் சொல்வது இதைத்தான். நானும் அந்தக் கட்சி.

இந்த இடத்தில் கொஞ்சம் தாளக் கணக்கு பார்க்கலாம். பங்க்கும் ராப்பும் எப்படி ஒன்றாகப் பொருந்துகின்றன என்பதற்கு அதுதான் எளிய விளக்கம். ராப் பாட்டு ஒன்றின் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 90 தட்டுகளை ஒட்டி இருக்கும். நடந்துபோகிற வேகம். ஹார்ட்கோர் பங்க் 180, சில சமயம் அதற்கும் மேல். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தோன்றும். ஆனால் 180இல் பாதி 90. நம் ஊரில் மிருதங்கக்காரர் ஒரே தாளத்தில் கீழ்க்காலமும் மேல்காலமும் வாசிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டிரம் மேல்காலத்தில் பங்க் மாதிரி ஓடட்டும், ராப்பர் கீழ்க்காலத்தில் நின்று நிதானமாக வரி சொல்லட்டும். இரண்டும் இடிக்காது. வேண்டும்போது ராப்பர் தானும் மேல்காலத்துக்குத் தாவலாம். ‘நெவர் பெட்டர்’ ஆல்பத்தின் ‘டிரம்ரோல்’ பாட்டில் டிரம் விடாமல் உருண்டுகொண்டே இருக்கும். அதன்மேல் பி.ஓ.எஸ். மூச்சு விடாமல் ஏறி வருவார்.

அவர் குரலும் பங்க் குரல்தான். சொல் தெளிவாக விழவேண்டும் என்ற ராப்பின் கட்டாயத்தையும், தொண்டை கிழியவேண்டும் என்ற பங்க்கின் கட்டாயத்தையும் ஒன்றாகத் தாங்குவது லேசான வேலை இல்லை. ஒரு வரியை அமைதியாகத் தொடங்கி, அதன் கடைசி மூன்று சொல்லில் மட்டும் கத்தலுக்கு மாறுவார். கேட்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். கத்திப் பாடும் பலரிடம் நான் தேடிக் கிடைக்காதது இது.

நண்பர்களின் நிறுவனம்

பி.ஓ.எஸ். தனியாள் இல்லை. மினியாபொலிசை ஒட்டிய ஹாப்கின்ஸ் என்ற புறநகரின் பள்ளியில் பழகிய நண்பர்களை மையமாக வைத்து டூம்ட்ரீ என்ற கூட்டம் உருவானது. பி.ஓ.எஸ்., சிம்ஸ், டெஸ்ஸா, செசில் ஓட்டர், மைக் மிக்ட்லான் ஆகியோர் ராப்பர்கள். லேசர்பீக்கும் பேப்பர் டைகரும் பீட் செய்பவர்கள். லேசர்பீக்கும் கிட்டார்க்காரர்தான், பிளாஸ்டிக் கான்ஸ்டலேஷன்ஸ் என்ற ராக் பாண்டிலிருந்து வந்தவர். 

இந்தக் கூட்டம் ‘ஃபால்ஸ் ஹோப்ஸ்’ என்ற பொதுத் தலைப்பில், வீட்டிலேயே பதிந்த சிடிகளைக் கச்சேரி முடிந்ததும் மேசை போட்டுக் கையால் விற்றது. ஆளாளுக்கு ஒரு ‘ஃபால்ஸ் ஹோப்ஸ்’ உண்டு. அதில் கிடைத்த பணம் அடுத்த வெளியீட்டுக்குப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக அது டூம்ட்ரீ ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனமானது. பாடுகிறவர்களே முதலாளிகள். பொட்டலம் கட்டுவதும் கடிதம் எழுதுவதும் அவர்களே.

கச்சேரி வாசலில் மேசை போட்டு விற்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டால், முதலில் கையில் ஒரு தொகை கிடைக்கும். பார்க்க வெகுமதி மாதிரி இருக்கும். உண்மையில் அது முன்பணம். ஆல்பம் விற்று வரும் பணத்தில் கலைஞருக்குச் சேரவேண்டிய சின்னப் பங்கிலிருந்து அதைக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஸ்டூடியோ செலவும் வீடியோ செலவில் ஒரு பகுதியும் அந்தக் கணக்கில்தான் ஏறும். அது தீரும்வரை கலைஞர் கைக்கு ஆல்பத்திலிருந்து ஒரு காசும் வராது. பதிவின் உரிமையோ நிறுவனத்திடம். சொந்தமாகச் செய்கிறவர் கதை வேறு. எடுத்துக்காட்டாக, ஒரு சிடி தயாரிக்க 2 டாலர் ஆகிறது, மேசையில் 10 டாலருக்கு விற்கிறார் என்று வையுங்கள். மிச்சம் 8 டாலர், அன்றிரவே கையில். வேனுக்குப் பெட்ரோல் போடலாம். ஆயிரம் சிடி விற்றால் 8,000 டாலர், அடுத்த ஆல்பத்துக்கு அது உதவும். பெரிய நிறுவனத்தில் ஆயிரம் சிடி விற்றவரை அடுத்த வருடம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மேசைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பாடினவரே அங்கே நின்று விற்கும்போது, வாங்குகிறவர் முகத்தை அவர் பார்க்கிறார். எந்தப் பாட்டு யாருக்கு எதற்காகப் பிடித்தது என்று காதால் கேட்கிறார். டூம்ட்ரீயின் ரசிகர்கள் அவ்வளவு ஒட்டுதலாக இருந்ததற்கு அந்த மேசைதான் காரணம் என்று நான் நம்புகிறேன். 2005இலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் ‘புளோஅவுட்’ என்ற பேரில் இந்தக் கூட்டம் முழுவதும் சேர்ந்து கச்சேரி செய்தது. உறைய வைக்கும் குளிரில் வரிசையில் நின்று ஃபர்ஸ்ட் அவென்யூவை நிரப்பினார்கள் ரசிகர்கள். 2014இல் பத்தாவது புளோஅவுட்டோடு அந்த வரிசை முடிந்தது.

டெஸ்ஸா பின்னர் சிம்பொனி இசைக்குழுக்களோடு சேர்ந்து பாடும் அளவுக்கு, எழுத்தாளராகவும் அறியப்படும் அளவுக்கு வளர்ந்தார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த பாடகியும் ராப்பருமான லிஸ்ஸோ ஒரு காலத்தில் மினியாபொலிஸ்வாசி. 2013இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் பீட்களில் பெரும்பங்கு லேசர்பீக் செய்தவை. அண்டர்கிரவுண்ட் என்பது மூடிய அறை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உடம்பு கேட்ட கணக்கு

2012 அக்டோபரில் பி.ஓ.எஸ்.ஸின் நான்காவது ஆல்பம் ‘வி டோன்ட் ஈவன் லிவ் ஹியர்’ வந்தது. ‘நாங்கள் இங்கே வசிக்கக்கூட இல்லை’ என்று பொருள். சொத்து சேர்ப்பது, பொருள் வாங்கிக் குவிப்பது, அதற்காக ஆயுளை விற்பது, இந்த ஓட்டத்தில் நான் இல்லை என்று பாடும் ஆல்பம். டிஸ்கார்ட் காலத்துப் பங்க் பிள்ளைகள் சொன்னதேதான், நடன அரங்குக்கு ஏற்ற பீட்டில். பான் ஐவர் என்ற பேரில் புகழ்பெற்ற ஜஸ்டின் வெர்னன் ஒரு பாட்டில் கூடப் பாடினார். பி.ஓ.எஸ். நாடு தழுவிய சுற்றுப்பயணத்துக்குத் தயாராக இருந்தார்.

அப்போது சிறுநீரகம் கைவிட்டது. பதின்வயதிலிருந்தே கூடவந்த கோளாறு, முப்பத்தொரு வயதில் முற்றிப்போனது. பயணத்தை ரத்துசெய்துவிட்டு டயாலிசிஸுக்குப் போக வேண்டியதாயிற்று.

சொந்தக் காலில் நிற்கும் ஏற்பாட்டின் மறுபக்கம் இதுதான். நான் மேலே அவ்வளவு உற்சாகமாகச் சொன்ன 8 டாலர் கணக்கு, மேடையேற முடிகிறவரைதான். அமெரிக்காவில் வேலைசெய்யும் வயதிலிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலை கொடுக்கும் நிறுவனம் வழியாக வருகிறது. தானே முதலாளி, தானே தொழிலாளி என்றால், அதுவும் தானே பார்த்துக்கொள்ள வேண்டியது. பயணம் நின்றால் மேசை கிடையாது. மேசை இல்லை என்றால் வருமானம் கிடையாது. ‘சுதந்திரமான கலைஞர்’ என்று எழுதுவது சுலபம். அந்தச் சுதந்திரம் ஒரு நோயின் முன்னால் எவ்வளவு மெல்லிய துணி என்பதையும் எழுதவேண்டும்.

ரசிகர்கள் பணம் திரட்டினார்கள். மேசையருகே நின்று பேசிவிட்டுப்போன அதே முகங்கள்தான். 2014 மார்ச்சில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அடுத்த வருடம் டூம்ட்ரீயின் ‘ஆல் ஹேண்ட்ஸ்’ ஆல்பம் வந்தது.

2017 ஜனவரியில் அவருடைய ‘சில், டம்மி’ வந்தது. இந்த முறை டூம்ட்ரீ ரெக்கார்ட்ஸே வெளியிட்டது. ‘அட, கொஞ்சம் அமைதியாக இரு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரித் தலைப்பு. சாவின் வாசல்வரை போய்வந்தவரின் குரல் அதில் தெரிகிறது. கத்தல் குறைந்திருக்கிறது. அதன் கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம். அதில் அவரோடு சேர்ந்து வரும் குரல்களில் லிஸ்ஸோவுடையதும் ஒன்று, கேத்லீன் ஹான்னாவுடையதும் ஒன்று. ஹான்னா, தொண்ணூறுகளில் பெண்களைப் பங்க் மேடையின் முன்வரிசைக்குக் கொண்டுவந்த பிகினி கில் பாண்டின் பாடகி. பதின்வயதில் பங்க் கேட்டுவளர்ந்த ஒருவருக்கு அந்தக் குரல் தன் பாட்டில் வந்து சேர்ந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

2020 பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் ஜூன் மாதத்தில், மினியாபொலிஸ் இசை உலகத்து ஆண்கள் சிலர் நடந்துகொண்ட விதம் குறித்துப் பெண்கள் பொதுவெளியில் பேசினார்கள். அப்படிப் பேசப்பட்டவர்களில் பி.ஓ.எஸ்.ஸும் ஒருவர். அவர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். அவர் பாட்டுகளை நேசித்த எங்களுக்கு அது வலித்தது. பேசிய பெண்கள் அனுபவித்ததோடு எங்கள் வலியை ஒப்பிட முடியாது. ஆனால் அண்டர்கிரவுண்ட் என்பதைப் புரிந்துகொள்ள இதுவும் தேவை. இங்கே ஒப்பந்தம் குறைவு, நட்பு அதிகம். ரசிகருக்கும் கலைஞருக்கும் நடுவில் ஒரு மேசைதான் தூரம். எல்லாமே நம்பிக்கையில் ஓடுகிறது. அந்த நம்பிக்கை கெட்டுப்போகும்போது புகார் சொல்ல ஒரு அலுவலகமோ கேட்டு நடவடிக்கை எடுக்க ஒரு மேலாளரோ கிடையாது. பெரிய நிறுவனங்கள் மட்டும் ஒழுங்கு என்று நான் சொல்லவரவில்லை. நெருக்கமான இடத்தில் நடக்கும் தவறை வெளியே சொல்வது இன்னும் கடினம் என்கிறேன். பிகினி கில் காலத்திலேயே பங்க் பெண்கள் தங்கள் கூட்டத்து ஆண்களிடம் சொன்னது அதைத்தான்.

கேட்கத் தொடங்குவதற்கு

முழுக்கவே புதியவர் என்றால் ‘நெவர் பெட்டர்’ ஆல்பத்திலிருந்து ‘லோ லைட் லோ லைஃப்’ பாட்டைக் கேளுங்கள். சிம்ஸ், டெஸ்ஸா, செசில் ஓட்டர் மூவரும் பி.ஓ.எஸ்.ஸோடு சேர்ந்து பாடியிருக்கிறார்கள். ஒரே பீட்டின்மேல் நான்கு பேர் நான்கு விதமாக எப்படி ஏறுகிறார்கள் என்று கவனித்தால், ராப்பில் நடை என்று எதைச் சொல்கிறார்கள் என்பது விளங்கிவிடும். அப்புறம் ‘டிரம்ரோல்’. வரி புரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். முதல் தடவை கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு டிரம்மை மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை பாதி வேகத்தில் தட்டுங்கள். இரண்டுமே பொருந்தும். பொருந்துகிற அந்த இடத்தில் ஒரு பக்கம் பங்க் இருக்கிறது, மறுபக்கம் ராப் இருக்கிறது.

பங்க் பக்கத்தையும் தெரிந்துகொள்ள ஆசை வந்தால், பேட் பிரெய்ன்ஸையும் ஃபுகாஸியையும் தேடிக் கேளுங்கள். பிடித்துப்போனால் ஒரு வேலை செய்யலாம். அந்தக் கலைஞர் அல்லது அவருடைய சொந்த நிறுவனம் நேரடியாக விற்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்து, ஒரே ஒரு ஆல்பத்தையாவது அங்கே வாங்குங்கள். மேசை இப்போது இணையத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம் நின்று பொட்டலம் கட்டுவது பெரும்பாலும் இன்னும் அவர்களேதான்.